மூன்றாவது தோட்டா வேண்டாம் என்றாள் றெஜினா

எனக்குக் காட்டுப்பன்றியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மக்காச்சோளம் உண்டு. கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து, பத்திரிகை வைத்து அழைத்தமாதிரி பன்றிகள் குடும்பத்தோடு வந்து இறங்கும். தின்பது கால்வாசி, மிதிப்பது முக்கால்வாசி. நான் சேலை வியாபாரி. விலைபோகாத சேலைகளையெல்லாம் சோளத்தைச் சுற்றி வேலியாகக் கட்டியிருக்கிறோம். காற்றில் படபடத்தால் பன்றி பயப்படும் என்று சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பன்றிகள் பார்டரைப் பார்த்துவிட்டு உள்ளே போகின்றன.

அப்படிப்பட்டவள் பாரிசுக்குக் கல்யாணச் சேலைகளோடு போன இடத்தில், நான் தங்கிய வீட்டுக்காரர் பன்றி வேட்டைக்காரர் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? கோபுரம், ஓவியம் எல்லாம் இரண்டாம் பட்சம் ஆகிவிட்டது.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில், ரூ பெர்தொனே என்ற குட்டித் தெருவில் உள்ள சேலைக்கடையில்தான் றெஜினாவுக்கு வேலை. மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண். பல வருஷமாகப் போனில் பேசி, 'இந்த மாம்பழக் கலர் இஞ்சை ஓடாது அக்கா' என்று என்னை அதட்டி வளர்த்தவள். கார் து நோர் ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். பெட்டியில் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான் பிடித்து நடந்தோம். எதிரே பட்டாளத்துக்காரர்கள் நான்கு பேர் பெரிய துப்பாக்கிகளோடு ரோந்து வந்தார்கள். ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவள் சட்டென்று வாயை மூடினாள். என் மணிக்கட்டைப் பிடித்து, பெட்டியோடு என்னையும் இழுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவர்கள் தாண்டிப் போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அம்மிணி?" என்றேன்.

"ஒண்டுமில்லை அக்கா. பசிக்குதோ?"

பசித்தது. தெருவில் கால் வைத்ததும் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம். மட்டன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். நம் ஊர் பப்ஸைவிட நூறு மடங்கு தேவலாம், ஆனால் உள்ளே காரம் ஒளிந்திருந்து அடிக்கிறது. காப்பி கேட்டேன். ஒரு மடக்கு அளவுக்குக் கறுப்பாக எதையோ கொடுத்தார்கள். மருந்து மாதிரி குடித்தேன்.

அவர்கள் வீடு வில்லியே லே பெல்லில், புறநகர் ரயிலில் போக வேண்டும். அங்கே இறங்கும்போது றெஜினா பெட்டியோடு இறங்கிவிட்டாள். நான் ஒரு கிழவருக்கு வழிவிட்டு நின்றேன். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை ஆட்டி என்னவோ கத்துகிறாள். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை 'மெர்சி'. ரயில் முழுக்க 'மெர்சி, மெர்சி' என்று நான் தவித்ததைப் பார்த்து ஒரு ஆப்பிரிக்கப் பெண் அடுத்த ஸ்டேஷனில் என்னோடு இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றிவிட்டுப் போனாள். அவள் எங்கே போக வேண்டியவளோ தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. றெஜினாவின் கணவர் யூட் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் உணவகத்தில் சமையல்காரர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. அவருடைய முதலாளி பெர்னாருக்கு முழங்கால் போய்விட்டது. மாதக் கடைசியில் கடையை விற்றுவிட்டுத் தெற்கே மகள் வீட்டோடு போகிறார். போகும்முன் தன் வேட்டைத் துப்பாக்கியை யூட்டுக்கே தருகிறேன் என்கிறார். துப்பாக்கியை இவர்கள் துவக்கு என்கிறார்கள். யூட் அதற்கான பரீட்சை, இவர்கள் சொல்லில் சோதினை, எழுதி, பேர்மி என்கிற வேட்டை லைசென்ஸும் வாங்கிவிட்டார். சில தடவை பெர்னாரோடு வேட்டைக்கும் போய் வந்திருக்கிறார். துவக்கை வைக்க இரும்பு அலமாரியும் பார்த்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, றெஜினாவின் சம்மதம்.

"துவக்கு இந்த வாசல்படி தாண்டினா நான் திரான்சியிலை தங்கச்சி வீட்டை போயிடுவன்" என்றாள் றெஜினா, எனக்குத் தோசை போட்டபடி.

"மற்ற ஆக்களின்ரை துவக்கு மாதிரி இல்லை இது" என்றார் யூட். "அக்கா, நீங்கள் கேளுங்கோ. ஒருக்கா விசையை இழுத்தா ஒரு வெடி. அடுத்தது தானா ஏறி நிக்கும். ஆனா திருப்பி இழுத்தாத்தான் போகும். அதாலை சட்டம் கடுமை. வேட்டைக்கு மூண்டு தோட்டாவுக்கு மேலை பிடிக்கேலாது. உள்ளை ரெண்டு, குழாயிலை ஒண்டு. நாலாவது போக இடமே இராது. கூடப் பிடிக்கிற துவக்கெண்டா அது வேறை வகுப்பு, வேறை அனுமதி. அதைத் தூக்கிக்கொண்டு பண்டிக்குப் பின்னாலை போகேலாது."

எனக்கு வாயில் எச்சில் ஊறியது, தோசைக்கு அல்ல. எங்கள் பக்கம் ஒரு பன்றியைத் தொட வேண்டுமென்றால் வனத்துறையின் காலில் விழ வேண்டும். தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கி என்று வாயால் சொன்னாலே போலீஸ் வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸோடு ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதையும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எம்.எல்.ஏ. தேர்தல், எம்.பி. தேர்தல், பஞ்சாயத்துத் தேர்தல் என்று அது பாதி நாள் ஸ்டேஷனிலேயே கிடக்கும். ஓட்டுப் போடுவது நாங்கள், ஜெயிப்பது பன்றி.

இதைச் சொன்னதும் யூட் விழுந்து விழுந்து சிரித்தார். றெஜினா சிரிக்கவில்லை. என் தட்டில் மூன்றாவது தோசை விழுந்தது, நான் கையால் மறைப்பதற்குள் நான்காவதும் விழுந்தது.

"மூண்டோடை விடக்கூடாது" என்றாள்.

இதில் மட்டும் உடுமலையும் மன்னாரும் ஒன்று. எங்கள் வீட்டிலும் மூன்று வைக்க மாட்டார்கள், மூன்று பேராகக் கிளம்ப மாட்டார்கள். ஆனாலும் சீண்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "ஏனம்மிணி, கோயிலுக்குப் போனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரைத்தானே கும்பிடறீங்க?"

"அது கடவுள் அக்கா. இது தோசை."

யூட் வேலைக்குப் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை எங்கடை வாசலிலை துவக்கு வந்து நிண்டது அக்கா. யாற்றை துவக்கு எண்டு கேட்டாலும் ஆபத்து, கேக்காட்டியும் ஆபத்து. அண்டைக்கே வெளிக்கிட்டனாங்கள். இவ்வளவு தூரம் ஓடி வந்தது துவக்கு இல்லாத வீடு ஒண்டுக்காகத்தான்."

எனக்கு ஸ்டேஷனில் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடி ஞாபகம் வந்தது. சோளத்துக்காகத் துள்ளிய என்னை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் அன்று மாலை யூட்டைக் கேட்டபோது அவர் பக்கமும் பாவமாக இருந்தது. "குசினிக்குள்ளை நான் யூட். 'யூட், வெங்காயம். யூட், சட்டி.' அங்கை காட்டுக்குள்ளை நான் மிஸ்யே யூட், அக்கா. மிஸ்யே எண்டா ஐயா. இந்த நாட்டிலை எனக்குக் கை தந்து 'வாங்கோ, இருங்கோ' எண்டு சொன்ன முதல் இடம் அது."

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு றெஜினாவும் வந்து பார்ப்பாள். துணைக்கு நான். அன்று மாலை அவள் சொல்வதுதான் முடிவு. வேண்டாம் என்றால் துவக்கை பெர்னார் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார், யூட் மறுபேச்சுப் பேசக் கூடாது.

இடையில் சேலைகளைக் கடையில் ஒப்படைத்தேன். மாம்பழக் கலரைத்தான் முதலில் ஒரு மணப்பெண் எடுத்தாள். றெஜினாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். ஈஃபில் கோபுரத்தையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலையே றெஜினா பூசை கண்டுவிட்டாள். ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். நவம்பர்க் குளிரில் பல் கிட்டியது. காரில் யூட், றெஜினா, நான், ஆக மூன்று பேர். றெஜினா இறங்கிப் போய் நடைபாதை ஓரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி, துடைத்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். இப்போது நாங்கள் நான்கு பேர்.

பாரிசுக்கு வடக்கே ஒரு கிராமம். களத்துமேடு மாதிரி ஒரு கொட்டகையில் வேட்டைக்காரர்கள் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை, தொப்பி. எங்களுக்கும் மாட்டிவிட்டார்கள். காவி கட்டிக் காவடி எடுப்பவர்கள் கூட இவ்வளவு பளிச்சென்று உடுத்துவதில்லை. "இது பன்றிக்குத் தெரியாதுங்களா தம்பி?" என்று கேட்டேன். "பண்டிக்கு இந்த நிறம் வடிவாத் தெரியாதாம். மனிசருக்குத்தான் தெரியவேணும்" என்றார் யூட்.

குழுவின் தலைவி மதாம் ஒதில், முடி முழுக்க வெள்ளை, கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. நடுவில் மடித்துக் கையில் தொங்கவிட்டிருந்தார். உள்ளே தோட்டா இல்லை என்பது எட்ட நின்றே தெரிந்தது. பெர்னார் அன்றைக்கு யூட்டின் கையில் கொடுத்திருந்த அந்தத் துவக்கு அப்படி மடியாது. அதனால் பக்கவாட்டில் உள்ள கதவுபோன்ற பாகத்தை இழுத்துத் திறந்து, ஓட்டையில் ஒரு ஆரஞ்சு நாடாவைச் செருகிவைக்க வேண்டும். 'பாருங்கள், காலி' என்பதற்கு அதுதான் அடையாளம். யூட் நாடாவைச் செருகியும் ஒதில் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பெர்னாரும் பார்த்தார். போதாதென்று யூட்டே தன் சுண்டுவிரலை உள்ளே விட்டுக் காட்டினார். நம் வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று ஆளாளுக்குப் போய்ப் பார்ப்போமே, அப்படி. றெஜினா இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காப்பி குடிக்கும்போது ஒதிலும் பெர்னாரும் சண்டை போட்டார்கள். யூட் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"இரண்டு குழல் போதும். மூன்று தோட்டா கையில் இருப்பவன் முதல் தோட்டாவைக் கவனமாகச் சுட மாட்டான்" என்றார் ஒதில்.

"அடிபட்ட விலங்கைத் தவிக்கவிடாமல் முடிக்க உடனே அடுத்தது வேண்டும். அதற்குத்தான் சட்டமே மூன்று கொடுக்கிறது" என்றார் பெர்னார்.

"சட்டம் கொடுக்கும். நான் கண்ட வரையில் முதல் குண்டு அவசரத்தில் போகிறது, இரண்டாவது கோபத்தில். மூன்றாவது வெட்கத்தில்."

பெர்னார் தோளைக் குலுக்கிவிட்டு ரொட்டியைக் கடித்தார்.

பிறகு ஒதில் விதிகளைச் சொன்னார். கொம்பு ஊதும்வரை யாரும் தோட்டா போடக் கூடாது. மறுபடி ஊதினால் வேட்டை முடிந்தது, அதற்குப் பின் பன்றி வந்து மடியில் உட்கார்ந்தாலும் சுடக் கூடாது. ஒவ்வொருவரும் தன் இடத்தில் இரு பக்கமும் குச்சி நட வேண்டும். பக்கத்து ஆள் இருக்கும் திசை அந்தக் குச்சிகளுக்கு அப்பால். பன்றி குச்சியைத் தாண்டினால் அது சுதந்திரப் பன்றி.

காட்டின் ஓரத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். யூட்டுக்கு முன்னால் ஒரு சரிவு. அவருடைய வலது பக்கம் தூரத்தில் பெர்னாரின் தொப்பி. நாங்கள் யூட்டுக்குப் பின்னால் மரத்தடியில். யூட் குச்சிகளை நட்டார். கொம்பு ஊதியது. பையிலிருந்து தோட்டாக்களை எடுத்தார்.

"எத்தினை?" என்றாள் றெஜினா.

"மூண்டு."

"மூண்டு ஆகாது. நாலு போடுங்கோ."

"நாலு போகாது, றெஜி. போனாலும் சட்டம் பிடிக்கும்."

"அப்ப ரெண்டு."

"இஞ்சை வந்துமோ?"

"எங்கை போனாலும் மூண்டு மூண்டுதான்."

யூட் என்னைப் பார்த்தார். நான் பன்றிக்கு எதிரான கட்சிதான். ஆனால் என் மாமியார் வீட்டில் மூன்று இட்லி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். "ரெண்டே போடுங்க தம்பி" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, மூன்றாவதைச் சட்டைப்பையில் போட்டு மூடினார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. கால் மரத்துப்போயிற்று. பிறகு காட்டுக்குள் நாய்கள் குரைத்தன, குச்சியால் மரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது, சருகு நொறுங்கியது. வந்தது பாருங்கள்! எங்கள் ஊர்ப் பன்றிக்குப் பெரியப்பா. கறுப்பாக, புட்டம் குலுங்க, யாரையும் சட்டைசெய்யாமல் சரிவில் இறங்கியது.

முதல் வெடி. என் காதில் அடைப்பான் இருந்தும் நெஞ்சு அதிர்ந்தது. றெஜினா சுருண்டு உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது வெடி. பன்றிக்கு முன்னால் மண் தெறித்தது. பன்றி மிரண்டு வலப்பக்கம் திரும்பி, இன்னும் கிட்டத்தில், படம் எடுக்க நிற்பதுபோல உடம்பு முழுக்கக் காட்டியபடி ஓடியது. யூட்டின் துவக்கும் அதன்கூடவே திரும்பியது. விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. தோட்டா தீர்ந்து அந்தக் கதவு தானாகத் திறந்து நின்றுகொண்டிருந்தது.

பன்றி போய்விட்டது. "ஐயோ, மூணாவது போட்டிருக்கலாம்!" என்று நான் கத்தியேவிட்டேன்.

யூட் பார்த்துக்கொண்டிருந்தது பன்றி போன வழியை அல்ல, வலப்பக்கக் குச்சியை. துவக்கின் முனை அந்தக் குச்சியைத் தாண்டி நின்றது. அதற்கு நேரே தூரத்தில் பெர்னாரின் ஆரஞ்சுத் தொப்பி.

மெல்லத் துவக்கைத் தாழ்த்தினார். நாடாவைச் செருகினார். இரண்டு தடவை தவறியது. "மூண்டாவது இருந்திருந்தா நான் சுட்டிருப்பன், றெஜி" என்றார்.

நான் கத்திய கத்தலை விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன். றெஜினா எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அவர் முதுகில் கையை வைத்தாள். கொம்பு மறுபடி ஊதும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் யூட் எதையும் மறைக்காமல் எல்லோர் முன்னாலும் சொன்னார். குச்சியைத் தாண்டினேன், விசையை இழுத்தேன், தோட்டா இல்லாததால் போகவில்லை. பெர்னார் தொப்பியைக் கழற்றித் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏன் மூன்றாவது போடவில்லை?" என்று ஒதில் கேட்டார். யூட் தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னதும் கொட்டகையே சிரித்தது.

ஒதில் சிரித்து முடித்துவிட்டு றெஜினாவிடம் வந்தார். "சட்டம் மூன்று என்கிறது, உங்கள் சட்டம் இரண்டு என்கிறது. உங்களுடையது நல்ல சட்டம்" என்றார். யூட்டிடம் திரும்பி, "இந்தப் பருவம் முழுக்க நீ துப்பாக்கி இல்லாமல் நாய்களோடு நட. அடுத்த பருவம் உன் இடம் உனக்கு. தானாக வந்து சொன்னாயே, அதற்காக" என்றார். யூட் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

மதியச் சாப்பாடு அவர் செய்து கொண்டுவந்தது. போன வேட்டையில் கிடைத்த பன்றி, வறுத்து அரைத்த யாழ்ப்பாணத் தூளில் கறுக்கக் கறுக்கக் கறி. பிரெஞ்சுக்காரர்கள் மூக்கைத் துடைத்துத் துடைத்துத் தின்றார்கள். எங்கள் வீட்டில் பன்றி புழங்குவதில்லை. ஆனால் என் சோளத்தைத் தின்ற சாதி என்பதற்காக ஒரு துண்டு எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதை எடுத்ததும் றெஜினா நான்காவதை வைத்தாள்.

திரும்பும் வழியில் றெஜினா காருக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "சொல்லிப்போடு அம்மிணி" என்றேன்.

"துவக்கு வரட்டும்" என்றாள் றெஜினா.

யூட் காரை ஓரம்கட்டிவிட்டார். "என்ன?"

"எங்கடை வாசலிலை வந்த துவக்கை ஆரும் திறந்து காட்டேல்லை. இண்டைக்கு ஆளாளுக்குத் திறந்து காட்டினவை. நீங்களும் பிழை விட்டதை மறைக்கேல்லை. அதாலை வரட்டும். ஆனா அலமாரித் திறப்பு என்னட்டை."

எங்கள் ஊர்ச் சாவியைத்தான் திறப்பு என்கிறாள். யூட் தலையைச் சொறிந்தார். "அது ஏலாது, றெஜி. பேர்மி இல்லாத ஆளின்ரை கைக்கு அந்தத் திறப்பு எட்டக்கூடாது. சட்டம்."

"அப்பிடியோ?"

"ஓம்."

"அப்ப நானும் அந்தச் சோதினையை எழுதிறன்."

யூட் வாயைப் பிளந்தார். நான் பின்சீட்டில் கைதட்டினேன். றெஜினா கோட்டுப் பையிலிருந்து கல்லை எடுத்துக் காரின் முன்பக்கம் வைத்தாள், சாட்சிக்கு வைத்தமாதிரி.

மறுநாளிலிருந்து சேலைக்கடை கெட்டது. வாடிக்கையாளர் கூறைச் சேலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மேசைக்கடியில் பாடப் புத்தகத்தை விரித்துவைத்து முணுமுணுத்தாள். வேலி தாண்டும்போது துவக்கை என்ன செய்ய வேண்டும்? காலி செய்து, திறந்து வைத்துவிட்டுத் தாண்ட வேண்டும். இது இப்போது எனக்கும் தெரியும். உடுமலையில் எதற்கு உதவும் என்றுதான் தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாள், அதே கார் து நோர் ஸ்டேஷன். பெட்டி காலியாக, லேசாக இருந்தது. எதிரே அதே மாதிரி பட்டாளத்துக்காரர்கள், அதே பெரிய துப்பாக்கிகள். நான் முந்திக்கொண்டு அவள் கையைப் பிடித்துத் தூணுக்கு அந்தப் பக்கம் இழுத்தேன். றெஜினா நகரவில்லை. வழியை விடாமல் நின்று, அவர்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர்களில் ஒரு இளைஞன் கொஞ்சம் கூச்சப்பட்டுப் புன்னகைத்தான்.

"பாத்தீங்களோ அக்கா?" என்றாள். "விரல் விசையிலை இல்லை. வெளியிலை நீட்டி வைச்சிருக்கினம். அப்பிடித்தான் வைக்கவேணும்."

பிறகு பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.